நள்ளிரவு விமானத்துக்குப் பிள்ளையை வழியனுப்புவது எப்படி?

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போன்ற ஊர்களுக்குச் செல்லும் விமானங்களில் கணிசமானவை இரவு பத்து மணிக்கும் விடியற்காலைக்கும் இடையில்தான் புறப்படுகின்றன. காலையில் போய் இறங்கினால் அன்றே ஊர் சுற்றத் தொடங்கிவிடலாம், ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சமாகும் என்பதால், பள்ளிச் சுற்றுலாவை ஏற்பாடு செய்பவர்களும் இந்த நேரத்தையே விரும்பி எடுக்கிறார்கள். அதனால் தூக்கம் கெடுவது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் படித்த எங்கள் மகளைச் சிங்கப்பூர் பள்ளிச் சுற்றுலாவுக்காக விழுப்புரத்திலிருந்து நள்ளிரவு 12.40 மணி விமானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து அனுப்பவிருக்கும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் "12ஆம் தேதி இரவு 12.40 மணிக்குப் புறப்பாடு" என்று இருந்தது. நம் பேச்சு வழக்கில் 12ஆம் தேதி இரவு என்றால் அன்று பொழுது சாய்ந்த பிறகு வரும் இரவு. விமான நிறுவனத்தின் கணக்கிலோ 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு தாண்டியதுமே 12 பிறந்துவிடுகிறது. நான் திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரத்துக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு தாய், "அப்போ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கிளம்பணுமா?" என்று கேட்ட பிறகுதான் எங்களில் பலர் ஒரு நாள் தள்ளிக் கணக்கிட்டிருந்தது தெரிந்தது. ஆகவே சுற்றறிக்கையை மட்டும் நம்பாமல், பயணச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் 00.40 என்று 24 மணி நேரக் கணக்கில் இருக்கும். வீட்டு நாட்காட்டியில் விமானத்தின் நேரத்தை எழுதாமல், "11 ஞாயிறு, மாலை 4.30, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்" என்று எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் தேவைப்படும் நேரம் அது ஒன்றுதான்.

அந்த 4.30 எப்படி வந்தது என்றால், பின்னோக்கிக் கணக்கிட்டதால் வந்தது. பன்னாட்டு விமானங்களுக்குப் பொதுவாக மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். குழுவாகப் போகும்போது ஆசிரியர்கள் தலையெண்ணி, கடவுச்சீட்டுகளைச் சரிபார்த்து, சீருடை டி-ஷர்ட் கொடுத்து முடிக்கவே அரை மணிக்கு மேல் ஆகும் என்பதால், எங்களை 9 மணிக்கே வரச் சொன்னார்கள். விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்; சாதாரண நாளில் மூன்று மணி நேரம் போதும். ஆனால் ஞாயிறு மாலை சாதாரண நேரமன்று. வார விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் நேரம் அது; ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளில் தொடங்கும் நெரிசல் கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் வரை விட்டுவிட்டு நீளும். அதனால்தான் ஒன்றரை மணி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டோம். பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளாக இருந்தால் அதுவும் போதாது. நண்பகலுக்குள் கிளம்பித் தாம்பரம் பக்கம் உறவினர் வீட்டில் இறங்கி இளைப்பாறுவதே நல்லது.

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "விமானத்தில் தூங்கிக்கொள்ளட்டும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறியதும் ஒரு மணி நேரம் விளக்கும் உணவு வண்டியுமாகக் கழியும், இறங்கும் முன் அரை மணி நேரம் எழுப்பி உட்கார வைப்பார்கள், இடையில் பக்கத்து இருக்கைத் தோழியின் பேச்சு வேறு. மிஞ்சுவது இரண்டு மணி நேரத் தூக்கம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழேகால் மணிக்கு இறங்கும் பிள்ளையின் உடலுக்கு அது விடியற்காலை நாலேமுக்கால். வளர்பருவப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தக் குறையை முன்கூட்டியே ஓரளவு ஈடு செய்வது நம் கையில் இருக்கிறது.

முந்தைய இரண்டு இரவுகளிலும் நன்றாகத் தூங்க வையுங்கள். பெட்டி கட்டும் வேலையைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொண்டால் அது நடக்காது. எனவே வெள்ளிக்கிழமையே பெட்டியைப் பூட்டி எடை பார்த்துவிடுங்கள். புறப்படும் நாளில் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். எங்கள் மகள் "தூக்கமே வரலம்மா" என்று மூன்று முறை எழுந்து வந்தாள். "தூங்க வேண்டாம், சும்மா கண்ணை மூடிப் படுத்திரு, கிளம்புற நேரத்துக்கு நான் எழுப்புறேன்" என்று சொன்னதும், நேரம் தவறிவிடுமோ என்ற பதற்றம் போய்ப் பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டாள். நாலு மணிக்கு எழுப்பப் போனபோது, புதுக் காலணியை உறையோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

உணவு எளிமையாக இருக்கட்டும். இட்லியும் தயிர் சாதமும் போதும். வழியில் பரோட்டா, பிரியாணி வேண்டாம். ஏழரை மணிக்குள் சாப்பிட்டுவிட்டால், விமானத்தில் ஒன்றரை மணிக்கு வரும் உணவுக்காக விழித்திருக்க வேண்டியதில்லை. பேருந்தில் வாந்தி வரும் பிள்ளையாக இருந்தால் அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். சில மாத்திரைகள் கடும் உறக்கத்தைத் தரும், குடியேற்ற வரிசையில் நிற்கும் நேரத்தில் அது வந்தால் பிள்ளை திண்டாடும். இன்சுலின், வலிப்பு மாத்திரை போன்றவற்றை மணி பார்த்து எடுக்கும் பிள்ளைகளுக்கு, இரண்டரை மணி நேர மாற்றத்தையும் கணக்கில் கொண்டு மருத்துவர் எழுதித் தந்த அட்டவணை ஒன்று ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டும். கைப்பையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மாற்று மேல்சட்டை, பெண்பிள்ளைகளுக்குச் சானிட்டரி நாப்கின் ஆகியவை அவசியம். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போட அனுமதி இல்லை. சூயிங்கம்மை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை உண்டு.

பயணச்சீட்டு இல்லாதவர்கள் முனையத்துக்குள் போக முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் ஒவ்வொருவரின் சீட்டையும் அடையாளத்தையும் பார்த்தே உள்ளே விடுவார்கள். எனவே ஆசிரியர் கையிலுள்ள குழுச்சீட்டை நம்பியிராமல், பிள்ளையின் பெயருள்ள பக்கத்தின் அச்சுநகல், கடவுச்சீட்டு, விசா நகல், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொடுத்தோம். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் தேதி 12 என்பதால் 11 என்று போட்டுவிடாமல் கவனியுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளமன்று.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, பெற்றோர் வீடு திரும்பும் பயணத்தைத்தான். பிள்ளைகள் குடியேற்றச் சோதனையைக் கடந்துவிட்டார்கள் என்ற செய்தி வரப் பதினொரு மணி ஆகும். அதற்கு முன் கிளம்ப யாருக்கும் மனம் வராது. அதன் பிறகு வண்டி ஓட்டினால், உடல் உறக்கத்தை மிகவும் கேட்கும் பின்னிரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்போம். அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து நாள் முழுவதும் ஓடியாடியவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். ஓட்டுநர் அண்ணனிடம் இரண்டு நாள் முன்பே, "ஞாயிறு பகல்ல வேற சவாரி எடுக்காம தூங்கிட்டு வாங்கண்ணே, அந்த வாடகையையும் சேர்த்துத் தந்துடுறோம்" என்று பேசிவிட்டோம். அந்தக் கூடுதல் பணம் எங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை. சொந்தக் காரில்தான் போக வேண்டுமென்றால் விடியும் வரை சென்னையிலேயே தங்கிவிடுங்கள். வழியில் கண் சொக்கினால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் பயன் தராது. வெளிச்சமுள்ள தேநீர்க் கடை ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் உறங்க வேண்டும். வீட்டில் சிறிய பிள்ளை இருந்தால் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருவது அந்தப் பிள்ளைக்கும் நல்லது.

சுற்றுலா முடிவாவதற்கு முன், பெற்றோர் கூட்டத்தில் ஒன்றை மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள்: முதல் நாள் நிகழ்ச்சி என்ன? பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை தருகின்றன. இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கிய பிள்ளைகளை அதுவரை வெயிலில் நடக்க விடுவது சரியல்ல. முதல் நாளில் குளிர்சாதன அருங்காட்சியகம் ஒன்றும் மாலையில் சீக்கிரம் படுக்கையும் போதும், கேளிக்கைப் பூங்காவை மறுநாளுக்கு மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்டோம், பள்ளியும் ஏற்றுக்கொண்டது. விமான நேரத்தை மாற்ற முடியாதபோதும் நிகழ்ச்சி நிரலை மாற்ற முடியும்.

திரும்பி வரும் விமானத்துக்கும் இதே கணக்கு உண்டு. இரவு பத்தரைக்கு இறங்கினாலும் குடியேற்றம், பெட்டி, சுங்கம் முடிந்து பிள்ளை வெளியே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், விழுப்புரம் போய்ச் சேர விடியற்காலை மூன்று மணி. மறுநாள் பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வேனுக்கு ஒரு தலையணையும், வெந்நீர் நிரப்பிய பிளாஸ்கும், வீட்டு இட்லி நாலும் எடுத்துப் போங்கள். ஐந்து நாள் வெளிச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மகள் வண்டியில் ஏறியதும் முதலில் கேட்டது அதைத்தான்.