ஸ்னோமொபைல் என்ஜினில் ஒரு பைக்: பெங்களூரில் செய்ய நினைப்பவர்களுக்கு

பனியில் ஓடும் ஸ்னோமொபைலின் என்ஜினை பைக்கில் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "ஃப்ரேமில் உட்காருமா?" என்பதுதான். உட்காரும். நல்ல வெல்டர் கிடைத்தால் எதையும் எதிலும் உட்கார வைக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த என்ஜினுக்குக் கியர்பாக்ஸே கிடையாது. அதன் சக்தி பின்சக்கரத்துக்கு எப்படிப் போகும்? இந்த வேலையில் பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அதற்கு முன் சட்டம். இந்த வண்டி ரோட்டுக்கு ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிராக்கிலோ, அனுமதி பெற்ற தனியார் இடத்திலோ மட்டும் ஓட்டுங்கள். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக மனமில்லை என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

படி 1: என்ஜின்

முதல்முறை செய்பவருக்கு என் சிபாரிசு ரோட்டாக்ஸ் 503. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 496.7 சிசி, ஏறத்தாழ 50 குதிரைத்திறன். விசிறிக் காற்றிலேயே குளிரும். தண்ணீரில் குளிரும் ஸ்னோமொபைல் என்ஜின்கள் பலவற்றில் ரேடியேட்டர் இருக்காது. வண்டியைத் தள்ளும் அடிப்பக்கப் பட்டை (டிராக்) சுற்றும்போது தெறிக்கும் பனிதான் குளிர்விக்கும். பெங்களூரில் பனிக்கு எங்கே போவது? அவற்றை எடுத்தால் ரேடியேட்டர், ஹோஸ், விசிறி எல்லாம் தனி வேலை.

503 மைக்ரோலைட் விமானங்களிலும் பறந்த என்ஜின். அதனால் இந்த ஊரில் ஜக்கூர் விமானதளம் பக்கம் விசாரித்துப் பார்ப்பது வீண்போகாது. விமானத்தில் இருந்து கழற்றியது என்றால் கிராங்க் முனையின் சரிவு உங்கள் முன் புல்லிக்கு (கிராங்க் முனையில் மாட்டி பெல்ட்டை இழுப்பது, படி 2-இல் வருகிறது) பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வாங்கியதும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நெடுநாள் கிடந்த டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல்கள் இறுகிப்போயிருக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும் (சீஸ்). இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சில நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; கசியும் இடம் குமிழியாகக் காட்டிக்கொடுக்கும்.

படி 2: வெட்டுவதற்கு முன் கணக்கு

ஆக்டிவாவில் இருப்பது போன்ற வேரியேட்டர்தான் இதிலும்: முன்னும் பின்னும் இரண்டு புல்லி, நடுவே ஒரு பெல்ட், புல்லிகள் நெருங்கி விரிய விகிதம் தானே மாறும். ஒரு பெரிய வித்தியாசம்: ஆக்டிவாவில் க்ளட்ச் பின்னால் தனியாக இருக்கிறது, ஸ்னோமொபைலில் முன் புல்லியே க்ளட்ச். ஐடிலில் பெல்ட் தளர்வாகக் கிடக்கும். 3,500 ஆர்பிஎம் வாக்கில் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து புல்லியை நெருக்கும், பெல்ட்டைப் பிடிக்கும். தொடக்கத்தில் விகிதம் ஏறத்தாழ 3.8:1, வேகம் ஏற ஏற 1:1-ஐத் தாண்டிப் போகும்.

பின்டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் என்று வையுங்கள். பின் புல்லி இருக்கும் இடைத்தண்டில் இருந்து சக்கரத்துக்கு, கடையில் கிடைக்கும் 15, 45 பல் ஸ்ப்ராக்கெட் போட்டால் 3:1. தொடக்க விகிதம் 3.8-ஐ இதால் பெருக்கினால் மொத்தம் 11.4. அப்படியானால் 3,500 ஆர்பிஎம்மில் பெல்ட் முழுதாகப் பிடிக்க வண்டி மணிக்கு 37 கி.மீ. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிற்கும் வண்டி அதுவரை என்ன செய்யும்? பெல்ட் வழுக்கும், புகையும், கருகும்.

அதையே 12, 60 பல்லாக்கி 5:1 ஆக்குங்கள். மணிக்கு 22 கிலோமீட்டரிலேயே பிடித்துவிடும். 6,500 ஆர்பிஎம்மில், 1:1 விகிதத்தில், கணக்குப்படி 156 கி.மீ. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 60 பல் ஸ்ப்ராக்கெட்டை பீன்யா தொழிற்பேட்டையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம். 520 அளவு பைக் செயினுக்கு அது 30 செ.மீ. விட்டம் வரும்; ஸ்விங் ஆர்மில் உரசுமா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.

படி 3: ஃப்ரேமும் மவுண்டும்

என்ஜினைக் கீழே இருந்து இரண்டு குழாய்கள் தாங்கும் டபுள் கிரேடில் ஃப்ரேமாகப் பாருங்கள். முன் புல்லி வண்டியின் இடப்பக்கம் வர வேண்டும். அப்போதுதான் கிராங்க் சுற்றும் திசையும் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையும் ஒன்றாகும். இடமில்லை என்று என்ஜினைத் திருப்பி வைத்தால் பைக் பின்னால் போகும்! ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து, திசையைக் கண்ணால் பார்த்து, சாக்பீஸால் அம்புக்குறி போடுங்கள்.

புல்லிகள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், பக்கவாட்டு விலகல் இரண்டையும் அந்த க்ளட்சுக்கான அட்டவணைப்படியே வைக்க வேண்டும். கண் மதிப்பு உதவாது. நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்து முதலில் டாக் வெல்ட் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் போடுங்கள். மறுபடி அளந்த பிறகே முழு வெல்டிங். பெல்ட் இழுக்கும்போது ரப்பர் மவுண்டில் என்ஜின் பின்னால் சாயும். அதைத் தடுக்க என்ஜினுக்கும் இடைத்தண்டுக்கும் குறுக்கே ஒரு கம்பி கட்டாயம் வேண்டும்.

உங்கள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இந்தப் புல்லி சுற்றப்போகிறது. பெல்ட் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். ஃபைபர் மூடி அழகாக இருக்கலாம், காலைக் காப்பாற்றாது. ஸ்டீல் தகட்டில் செய்யுங்கள்.

படி 4: மற்றவை

இக்னிஷனுக்கு பேட்டரி தேவையில்லை. க்ளட்ச் லீவர் இல்லாததால் இடக்கையில் பின்பிரேக்கைக் கொண்டுவரலாம். என்ஜின் பிரேக்கிங்கை நம்ப முடியாது, இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போடுங்கள். மணிக்கட்டில் கட்டும் கயிறு, விழுந்தால் என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச், இரண்டும் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எக்ஸாஸ்டை வளைத்து வேறு பக்கம் கொண்டுபோகலாம், மொத்த நீளமும் நடுவே உப்பியிருக்கும் வயிற்றுப் பகுதியின் அளவும் மாறக் கூடாது.

படி 5: ஜெட்டிங்

மைனஸ் 20 டிகிரி குளிரில் கடல்மட்டத்தில் இருக்கும் காற்றைவிட, 900 மீட்டர் உயரத்தில் 28 டிகிரியில் இருக்கும் பெங்களூர்க் காற்று ஏறத்தாழ கால் பங்கு அடர்த்தி குறைவு. ஆகவே பனிக்குப் போட்ட மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) இங்கே பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். நல்லதுதான். அதிலேயே தொடங்கி ஒவ்வோர் அளவாகக் குறையுங்கள். இன்று பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் கலவையை மெலிய வைக்கும் என்பதால் கடைசி ஓர் அளவைக் குறைக்காமல் விடுவது உத்தமம். பழைய ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் அதைத் தின்றுவிடும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்க வேண்டும்.

முதல் ஓட்டம் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திய ஸ்டாண்டில். ஐடிலில் சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் அதிகம், அல்லது புல்லிகள் மிக நெருங்கியிருக்கின்றன. அதன் பிறகு தரையில், பாதி த்ராட்டில், குறைந்த தூரம். ப்ளக் அடியில் வெப்பமானி வாஷர் போட்டு, 230 டிகிரியைத் தாண்டினால் த்ராட்டிலை விட்டுவிடுங்கள். அணைத்ததும் ப்ளக்கைப் பாருங்கள்: டிகாஷன் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் உடனே ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள். என்ஜின் முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளையும் முன் புல்லி போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபார்த்துவிட்டு, பெல்ட்டின் இரு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.