பிள்ளைகளோடு ஐரோப்பா: அட்டவணையிலேயே தொடங்கும் தவறுகள்

எங்கள் முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு நான் போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. 12 நாள், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அந்த அட்டவணையில் மகனுக்கு இடமே இல்லை என்பது நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஒரு ரயில் நிலையத்தில் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டு, "நான் வரல, நீங்க போங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை.

ஊர் மாறுகிற நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்கு முன்னால் அறை கிடைப்பது அரிது. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது, உண்மைதான். ஆனால் பெட்டி கட்டுவது, ஸ்டேஷனுக்குப் போவது, புது ஊரில் வழி கண்டுபிடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு பகலைத் தின்றுவிடும். ஆறு ஊர் என்றால் ஐந்து பகல் பெட்டியோடு போச்சு. இப்போது யாராவது கேட்டால், 12 நாளுக்கு மூன்று ஊர் போதும் என்றுதான் சொல்கிறேன். ஓர் ஊரில் நாலு நாள் தங்கிப் பக்கத்து ஊரைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவது பிள்ளைகளுக்கு ஒத்துவரும். ஃப்ளாரன்ஸிலிருந்து பீசாவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவது. பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும்படி டிக்கெட் எடுக்க முடியும். பல சமயம் விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. எடுக்காவிட்டால் கடைசி ஒரு நாள் வந்த வழியே திரும்புவதில் போய்விடும்.

விசாவில் சறுக்குகிறவர்கள் நிறைய. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. "அந்த நாட்டில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதாம்" என்று இரண்டு நாள் மட்டும் தங்கும் நாட்டில் விண்ணப்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பிப்ரவரி வரை காத்திருக்காமல் இருப்பது நல்லது. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், குழந்தைக்கும்தான். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள்.

அப்புறம் லண்டன். "பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தானே, போய்விட்டு வந்துவிடலாம்" என்று நினைக்கிறோம். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை; அதற்குத் தனி விசா. அது கையில் இருந்தாலும், உங்கள் ஷெங்கன் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது என்றால் லண்டனிலிருந்து பாரிஸுக்குத் திரும்ப முடியாது.

முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில்தான் குடியேற்றச் சோதனை நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து முகப் படமும் விரல் ரேகையும் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது (12 வயதுக்குக் கீழே ரேகை கிடையாது). ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஒன்றே கால் மணி நேரத்தில் ரோம் விமானம் பிடிப்பதெல்லாம் தனியாகப் போகிறவருக்குச் சரி. பாதி வரிசையில் "பாத்ரூம் வருது" என்று சொல்லும் ஆள் கூட இருந்தால், மூன்று மணி நேர இடைவெளியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊர் சேர்ந்தாயிற்று. முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் விடிகாலை 3 மணிக்கே எழுந்துவிடுவார்கள், ஏனென்றால் நம் நேரத்துக்கு அது காலை ஆறரை. அதைச் சண்டை போட்டு மாற்றப் பார்ப்பது வீண். எழுந்ததைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ரோமின் ட்ரெவி நீரூற்றைக் காலை ஆறரைக்குப் பார்த்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பதினோரு மணிக்குப் போனால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். இதற்கு நேர்மாறான தவறு, முதல் நாள் இரவே ஐஃபில் கோபுரம் மின்னுவதைக் காட்டுகிறேன் என்று கிளம்புவது. இருட்டிய பிறகு மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் மின்னும், அழகுதான். ஆனால் ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். அதற்குள் பிள்ளை உங்கள் தோளில் தூங்கியிருக்கும். அந்தக் காட்சி வேண்டுமானால் டிசம்பரில் போங்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

மியூசியம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு நாளைக்கு ஒன்று, அதிலும் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் எல்லாரும் மோனா லிசாவை நோக்கி ஓடுகிறார்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஓவியம் அது. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் நூறு கைகளும் நூறு போன்களும். அதே லூவ்ரில் எகிப்தியப் பகுதி இருக்கிறது. தானிஸிலிருந்து வந்த பெரிய ஸ்பிங்ஸ், மம்மி, சவப்பெட்டிகள் என்று ஒரு குழந்தை ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து நிற்க அங்கே போதுமான சரக்கு உண்டு. நாங்கள் அதை விட்டுவிட்டு மறுமலர்ச்சிக்கால ஓவியங்களை வரிசையாகக் காட்டினோம். யாருக்காக என்று இன்றுவரை தெரியவில்லை.

விடுமுறை நாளைப் பார்க்காமல் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவது அதைவிடக் கொடுமை. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் ஃப்ளாரன்ஸின் உஃபிஸியும் திங்கள். வத்திகான் மியூசியம் ஞாயிறு, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு. அன்று இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. பிரான்ஸில் மே 1 அன்று லூவ்ரும் மூடியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலவசம் என்றால் டிக்கெட்டே வேண்டாம் என்று பொருள் இல்லை. ரோமின் கொலோசியத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது; ஆனாலும் அவர்கள் பெயரில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அங்கே டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்கு இதில் இனிஷியல் தொல்லை உண்டு. பள்ளியில் ஒரு எழுத்து இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கானதைத் திறப்பார்கள். சட்டென்று தீர்ந்துவிடும். ஒன்பது, பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களை அங்கே கூட்டிப்போவதை நான் ஆதரிக்கமாட்டேன். படிக்கட்டும் செங்குத்து, விஷயமும் கனம்.

"அவன் பெரிய பையன், நடப்பான்" என்று ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுப் போனோம். ஐந்து வயதுப் பையன் பள்ளிக்கு நடப்பது வேறு, ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடப்பது வேறு. அதற்காகப் பெரிய நாலு சக்கர வண்டியும் ஆகாது. பாரிஸ் மெட்ரோவின் பழைய நிலையங்களில் லிஃப்ட் அரிது, படிக்கட்டுதான். ரோமில் கருங்கல் பாவிய தெரு. வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படியேறி இறங்க வேண்டியவை. ஒரு கையால் மடக்கித் தோளில் மாட்டக்கூடிய லேசான வண்டி ஒன்று, அதுவே சரி.

சாப்பாட்டில் சிக்கல் நேரம்தான். பிரான்ஸிலும் இத்தாலியிலும் பல உணவகங்களின் அடுப்பு மதியம் இரண்டரைக்கு மேல் அணைந்தால் இரவு ஏழுக்குத்தான் பற்றும். ஸ்பெயினில் எட்டரை, ஒன்பது. ஐந்து மணிக்குப் பசிக்கும் பிள்ளையிடம் இதை விளக்க முடியாது. பையில் ரொட்டி, பழம், தயிர் டப்பா எப்போதும் இருக்கட்டும். சமையலறையோடு வீடு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அரிசியும் தயிரும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஹோட்டல் அறையில் ஒளித்து ரைஸ் குக்கர் வைக்காதீர்கள். புகை மணி அடித்து மாடி முழுக்க இறங்கி வந்த கதை ஒன்று எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஊரிலிருந்து நெய், பால்கோவா எடுத்துப் போவதும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவரத் தடை. குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் அளவோடு விலக்கு. பாரிஸில் நாக்கு செத்துப்போனால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பேல் இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். இடியாப்பமும் கொத்து ரொட்டியும் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

விளையாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்காததுதான் என் பெரிய தவறு. பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் குளத்தில் பொம்மைப் பாய்மரக் கப்பலை வாடகைக்கு வாங்கிக் குச்சியால் தள்ளிவிடலாம். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் 1ஆம், 14ஆம் எண் மெட்ரோவில் முன் கண்ணாடி அருகே நின்றால் பையனுக்கு அவனே வண்டி ஓட்டுவது போல இருக்கும். இரண்டையும் அட்டவணையில் முதலிலேயே எழுதுங்கள், நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அந்த 1ஆம் எண் மெட்ரோ ஜேப்படிக்கும் பேர்போனது. பாஸ்போர்ட்டைப் பிள்ளையின் முதுகுப்பையில் வைக்காதீர்கள். பணத்தைவிடப் பெரிய பயம், கதவு மூடும்போது பிள்ளை உள்ளேயும் நாம் வெளியேயும் நிற்பது. மெட்ரோ கதவு யாருக்காகவும் காத்திருக்காது. அதற்கு ஒரு விதி வீட்டிலேயே பேசி வையுங்கள்: ரயிலில் மாட்டிக்கொண்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில், நாங்கள் அடுத்த வண்டியில் வருவோம், பிளாட்பாரத்தில் விடுபட்டால் நகராதே, நாங்கள் திரும்பி வருவோம். சட்டைப்பையில் உங்கள் போன் எண் நாட்டுக் குறியீட்டோடு எழுதிய சீட்டு ஒன்று. வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு மறந்துவிடும். கிளம்புவதற்கு முந்தின வாரம் சென்னை மெட்ரோவில் ஒரு பெரியவரைப் பிள்ளையோடு ஏற்றிவிட்டு, ஆலந்தூரிலோ வேறெங்கோ இப்படி ஒருமுறை இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.