கத்திரிக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டியவை: ஒரு வேலூர்க்காரியின் வெயில் கால வழக்கங்கள்

வேலூரில் ஏப்ரல் பாதியிலேயே காலை பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, காற்றும் குறைவு, கத்திரி பிறக்கும் முன்பே 40 டிகிரியைத் தாண்டிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் வெயில் எங்களை ஒன்றும் செய்யாது என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதக் காலையில் அம்மா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தபோதுதான் அந்த நம்பிக்கை போனது.

அன்று அவர் வெயிலில் எங்கேயும் அலையவில்லை. விடியற்காலையில் மாடியில் அரிசி வடகம் பிழிய ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம்தான் என்று பத்து மணி வரை அங்கேயே இருந்துவிட்டு, இறங்கி வந்ததும் நேராக மதியச் சமையலுக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். அதுவரை அவர் வயிற்றுக்குள் போனது ஒரு டம்ளர் காபி மட்டும். தலை சுற்றியது, குமட்டியது, கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டது, புடவை வேர்வையில் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் கூடத்தில் படுக்க வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உப்பு போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோடையின் நேரக்கணக்கே மாறிப்போனது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும், அந்த நாட்களில்தான் அது சீக்கிரமே வேர்க்கவும், வேர்வையில் உப்பை அதிகம் விடாமல் பிடித்துக்கொள்ளவும் கற்றுக்கொள்கிறது. லீவுக்கு பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகளும், மாதக்கணக்கில் ஏசி அறையிலேயே இருந்துவிட்டு ஊர்த் திருவிழாவுக்கு வந்து நாள் முழுக்கத் தேர் பின்னால் நடப்பவர்களும் முதல் இரண்டு மூன்று நாளில் படுத்துவிடுவது இதனால்தான். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது, ஆனால் பழக்கங்களை ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். கத்திரி முடிந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம், சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, அதாவது கத்திரி கழிந்த பிறகு.

சரி, காலையிலிருந்து வருவோம். எழுந்ததும் காபிக்கு முன்னால் ஒரு பெரிய சொம்புத் தண்ணீர். காபி குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, அது தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அதோடு ஐந்து, ஐந்தரைக்கே இரண்டு மூன்று பக்கெட்டில் தண்ணீர் பிடித்து நிழலில் மூடி வைத்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் மாடித் தொட்டித் தண்ணீரில் குளிக்க முடியாது, இந்தப் பக்கெட் தண்ணீர்தான் மதியம் முகம் கழுவவும் சாயங்காலம் குளிக்கவும் உதவும், யாராவது மயங்கி விழுந்தால் ஊற்றவும் உதவும்.

மாடி வேலையை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். வடகம், வற்றல், ஊறுகாய் மாங்காய் எல்லாம் காய்வதற்குத்தான் வெயில் தேவை, நாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. மதியச் சமையலையும் எட்டரைக்குள் முடித்து அடுப்பை அணைத்துவிடுகிறோம். உச்சி வேளையில் அடுப்பு முன்னால் நிற்பது வெயிலில் நிற்பதற்குச் சமம், சில வீடுகளில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சமையலறைகளில், அதைவிட மோசம். சூடாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். தயிர்சாதம், வெள்ளரிக்காய்ப் பச்சடி, நீர்க்காய்க் கூட்டு, பழைய சோறு என்று வைத்துவிட்டால் எந்தக் குறையும் தெரியாது. நேற்று மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டால், தண்ணீர், உப்பு, சாப்பாடு மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது. கம்மங்கூழும் அப்படித்தான்.

தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம், வயதானவர்களுக்கோ தாக உணர்வே குறைந்துவிடும், 'எனக்குத் தாகமே இல்லை' என்று அவர்கள் சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக ஒரு லிட்டர் பாட்டில், பதினொரு மணிக்குள் ஒன்று, மூன்று மணிக்குள் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாதி. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது போதாது, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று பழக வேண்டும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இருந்து டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான், கோடைக்கு எவ்வளவு கூட்டலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு சிறுநீரின் நிறமே கணக்குச் சொல்லும். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, டிகாஷன் மாதிரி இருந்தாலோ கடுகடுவென்று எரிந்தாலோ உடம்பு காய்ந்து கிடக்கிறது என்று பொருள். நீர்க்கடுப்போடு காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மறதி இல்லை. கழிப்பறை இல்லை, அதனால் குடிப்பதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், வீடு வீடாக ஏறி இறங்கும் தூய்மைப் பணியாளர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து பாடம் நடத்தப் போகும் டீச்சர்கள் என்று நான் பேசிப் பார்த்த எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், கழிப்பறைக்கும் அதே அளவு கவனம் வர வேண்டும். அது வரும்வரை, போகும் வழியில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பெட்ரோல் பங்கில் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024ல் வெளியிட்ட ஆய்வில், கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

என்ன குடிப்பது? என் ஓட்டு மோருக்குத்தான். ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், அவ்வளவுதான். இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால் வேர்த்துக் கொட்ட வேலை செய்தவருக்கு அது மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து. நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி எதுவும் தப்பில்லை, தர்பூசணியை மட்டும் முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். பானகம், நன்னாரி சர்பத், பதநீர் மூன்றிலும் சர்க்கரை உண்டு, நீரிழிவு உள்ளவர்கள் நாட்டுச் சரக்குதானே என்று ஏமாற வேண்டாம். ரோட்டோர ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாததால் நான் தொடுவதில்லை. உச்சி வெயிலில் மதுவும் வேண்டாம், அது உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும்.

ஓஆர்எஸ் பொடி இரண்டு பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொடி பாதித் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, மேலே போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள். பழச்சாறு டப்பா மாதிரி விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கரையுங்கள். உப்பு கூடினால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கெடுதல்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கோடையிலும் தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். 'பாவம், குழந்தைக்கு நாக்கு வறளுதே' என்று பாட்டிமார் ஸ்பூனை எடுப்பார்கள், பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது, அடிக்கடி கொடுத்தால் போதும். தாய் நிறையக் குடிக்க வேண்டும்.

பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே போகும் வேலையை வைக்காதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் குடை, காலில் செருப்பு, உடம்பில் தளர்வான பருத்தி, கழுத்தில் நனைத்த துண்டு. பிள்ளைகளின் கிரிக்கெட்டைக் காலை ஒன்பதுக்குள்ளும் நாலரைக்குப் பிறகும் என்று நகர்த்திவிடுங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடி வீட்டில் சூடு ராத்திரிதான் இறங்கும். பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கு நம் தலைமேல் இறக்குகிறது. நாங்கள் மார்ச் கடைசியில் மாடித் தரையைக் கூட்டிக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிடுகிறோம், ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிக்கால் சேர்ப்போம், மழைக்காலத்தில் போய்விடும், பரவாயில்லை. ஜன்னல்களைக் காலை ஒன்பதுக்கு மூடித் திரை போட்டு, பொழுது சாய்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். வேலூர், ஈரோடு, கரூர் மாதிரி வறண்ட வெயில் அடிக்கும் ஊரில் ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி நன்றாக வேலை செய்யும், மண்பானைத் தண்ணீரும் சில்லென்று இருக்கும். சென்னை, கடலூர் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு, அங்கே வேர்வையும் சீக்கிரம் காயாது. 36 டிகிரிதானே என்று கடலோர ஊர்க்காரர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது அதனால்தான். அறை 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் வெறும் ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் நம் மேல் அடிக்கும், உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் கீழே உட்காருங்கள். படுக்கும் முன் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு குளியல் போட்டால் தூக்கம் வரும். வேர்க்குருவுக்கும் அதே குளியலும் மெல்லிய பருத்தியும்தான் மருந்து, பவுடரை அப்பிக்கொண்டால் வேர்வைத் துவாரம் இன்னும் அடைத்துக்கொள்ளும்.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன் ஒரு முறை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும், மனநலத்துக்கான சில மருந்துகள் வேர்ப்பதைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி அவசரம். அம்மாவுக்கு வந்தது வெப்பச் சோர்வு, நினைவு தெளிவாக இருந்தது, குடிக்க முடிந்தது. பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு அனலாகக் கொதிக்க மயங்கினாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்), வேர்வை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 108க்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் ஒரு நொடி காத்திருக்காமல் நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, அந்தக் காலைப் பக்கெட் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். சூட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வந்துவிடும் என்று கூட்டத்தில் யாராவது தடுப்பார்கள், கேட்காதீர்கள், அந்த நேரத்தில் குளிர்விப்பதுதான் உயிரைக் காக்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, ஒரு பக்கெட் தண்ணீரை நேரத்துக்கு ஊற்றினால் பல வீடுகளுக்கு அந்தப் பணம் தேவைப்படாது.

கடைசியாக ஒரு பழக்கம். எங்கள் வாசலில் வேப்பமர நிழலில் ஏப்ரல் முதல் தேதி ஒரு பானை வைத்துவிடுகிறோம், கை உள்ளே படாமல் மொள்ள நீளக் காம்பு வைத்த கரண்டி, மூடி, தினமும் காலையில் கழுவிப் புதுத் தண்ணீர். குப்பை வண்டியோடு வரும் அக்கா முதல் வருடம் அரை டம்ளர்தான் குடித்தார். பிறகு அம்மா பின்பக்கக் கழிப்பறையைக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள் என்று சொன்னார். இப்போதெல்லாம் அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு போகிறார்.