கேம் சண்டைக் காட்சிக்கு எலக்ட்ரிக் கிட்டார் லூப் பதிவு செய்வது எப்படி?

1993-இல் வந்த டூம் கேமின் இசையில் கிட்டார் போலக் கேட்டது, சவுண்ட் கார்டு உருவாக்கிய ஓசை. அதே தொடரின் 2016 கேமுக்கு மிக் கோர்டன் ஒன்பது தந்தி கிட்டாரையே எடுத்து வாசித்தார். நாம் செய்யப்போவது லூப், அதாவது மீண்டும் மீண்டும் ஓடும் சிறு இசைத்துண்டு; அதற்கு ஆறு தந்தி போதும்.

படி 1: தடித்த ஆறாவது தந்தியை ஈ (E) ஸ்வரத்திலிருந்து டி (D) ஸ்வரத்துக்கு இறக்குங்கள், அதாவது சுமார் 82 ஹெர்ட்ஸிலிருந்து 73-க்கு. இப்போது கீழ் சுருதியில் உள்ள மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தினால் ச, ப, மேல் ச கிடைக்கும். இதுதான் பவர் கார்ட். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டாலும் இது தெளிவாக நிற்கும், ஏனென்றால் ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள 2:3 விகிதத்தில் புதிதாகப் பிறக்கும் ஓசைகளும் அதே ஸ்வர வரிசையிலேயே விழுகின்றன. நடுவில் ஒரு காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள், உடனே கலங்கிவிடும்.

படி 2: கிட்டாரைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டனைப் போடுங்கள், மறந்தால் ஒலி மந்தமாகிவிடும். டிஸ்டார்ஷன் இல்லாமலே பதிவு செய்து, பிறகு ஆம்ப்ளிஃபையர் போல ஒலிக்க வைக்கும் ஆம்ப் சாஃப்ட்வேரில் சேர்ப்பது நல்லது.

படி 3: தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டில் வையுங்கள். நான்கு தட்டு கொண்ட எட்டு பார் என்றால் சரியாக 16 வினாடி. ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை, எளிமையாக வையுங்கள், வெடிச்சத்தத்துக்கும் காலடி ஓசைக்கும் இடம் வேண்டும்.

படி 4: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதே ரிஃபை இன்னொரு முறை புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள், ஒன்றை முழு இடதுபக்கமும் மற்றதை முழு வலதுபக்கமும் தள்ளுங்கள். காப்பி பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அப்படிச் செய்தால் ஒலி நடுவிலேயே நின்று சத்தம் மட்டும்தான் கூடும். இரண்டு முறை கை வாசித்ததில் வரும் நூலிழை வித்தியாசம்தான் அந்தப் பெரிய சுவர் மாதிரியான ஒலியைத் தருகிறது.

படி 5: ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சுற்று நிறுத்தாமல் வாசித்து, நடுச்சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முந்தைய சுற்றின் அதிர்வு அதன் தொடக்கத்திலேயே இருப்பதால் ஒட்டு தெரியாது. ஒரே சண்டையில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டவருக்கு 16 வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டால் பாவம் இல்லையா? அப்புறம், எம்பி3 வேண்டாம், முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்துவிடும். வேவ் அல்லது ஆக் வடிவில் சேமியுங்கள். டிரம்ஸையும் கிட்டாரையும் தனித்தனிக் கோப்பாகக் கொடுத்தால், எதிரி வரும்போது மட்டும் கிட்டார் நுழையும்படி கேமில் அமைக்கலாம்.