பரிசாகக் கொடுக்க ஒரு குத்துவாள்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

வரலாற்றில் ஊறிப்போன ஒருவருக்குக் குத்துவாள் பரிசளிக்க ஆசையா? அப்படியென்றால் எடுத்த எடுப்பிலேயே விற்பனைத் தளங்களுக்குப் போகாதீர்கள். டிராகன் தலைப் பிடி, சிவப்புக் கண்ணாடிக் கல் என்று இருப்பதையெல்லாம் 'இடைக்காலக் குத்துவாள்' என்று பெயர் போட்டு விற்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை சுவரில் மாட்டத்தான் லாயக்கு. நிஜமாகவே பயன்படுத்தக்கூடிய, அந்தக் காலத்தில் இருந்ததைப் போன்றே செய்யப்பட்ட ஒன்று வேண்டுமானால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: யாருக்கு, எதற்கு?

அவருக்கு எந்தக் காலம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரோமானியப் படைவீரர்கள் என்றால் இலை வடிவ அகன்ற அலகும் நடுவில் மேடும் கொண்ட பூகியோ. வைக்கிங் காலம் என்றால் ஒரு பக்கம் மட்டும் கூரான சீக்ஸ். 14, 15ஆம் நூற்றாண்டு வீரர்கள் என்றால் பிடியில் வட்டத் தகடுகள் கொண்ட ரோண்டல். டியூடர் மன்னர்கள் ஆண்ட இங்கிலாந்து என்றால் பிடியின் அடியில் இரண்டு உருண்டைப் புடைப்புகள் கொண்ட பாலக்; 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இந்த வகை கிடைத்திருக்கிறது.

அப்புறம், அவர் அதை வைத்து என்ன செய்வார்? பழங்காலப் போர்களையும் வாழ்க்கையையும் நடித்துக்காட்டும் வரலாற்று மறுநடிப்புக் குழுவில் இருப்பவர் என்றால் சண்டைக் காட்சிக்கு மழுங்கிய விளிம்பும் உருண்ட முனையும் கேட்பார்கள். குழுவுக்குக் குழு விதி மாறும், அதனால் முன்பே கேட்டுவிடுங்கள். கூரானதை வைத்து யாரும் பயிற்சிச் சண்டை போடக் கூடாது. சேகரிப்பில் வைக்கவோ எதையாவது வெட்டிப் பார்க்கவோ என்றால் கூரானதே சரி.

படி 2: அசலைக் கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை இதுதான். லண்டனில் உள்ள வாலஸ் கலெக்‌ஷன், லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவை தங்களிடம் உள்ள ஆயுதங்களின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பல பொருட்களுக்கு நீளமும் எடையும்கூடக் கொடுத்திருப்பார்கள். பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அலகின் நீளம், அடிப்பகுதி அகலம், குறுக்குவெட்டு வடிவம், பிடி எதனால் ஆனது என்பதையெல்லாம் குறித்து வையுங்கள்.

ரோண்டலையே எடுத்துக்கொள்வோம். கைக்கு மேலும் கீழும் இரண்டு வட்டத் தகடுகள். அலகு ஒடுங்கியது, விறைப்பானது. பலவற்றில் குறுக்குவெட்டு முக்கோணமாகவோ வைர வடிவிலோ இருக்கும். கவசத்தின் இடுக்குகளில் பாய்ச்சுவதற்காக அப்படிச் செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்டபின், வட்டத் தகடு மட்டும் வைத்து மெல்லிய, வளையும் அலகைப் பொருத்தி விற்கும் போலி உங்களை ஏமாற்ற முடியாது.

விற்பவரிடம் கேளுங்கள்: "எந்த அசலைப் பார்த்து இதைச் செய்தீர்கள்?" நல்ல தயாரிப்பாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், விவரமாகச் சொல்வார். 'பழைய பாணி' என்று மட்டும் மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள்.

படி 3: எஃகும் தடிமனும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 20ஆம் நூற்றாண்டின் சரக்கு. அதில் நல்ல கத்திகள் உண்டு, ஆனால் ரோமானியக் குத்துவாளுக்கு அது பொருந்தாது. 1075, 5160 போன்ற எஃகு வகை எண்களோடு கார்பன் எஃகு என்று எழுதியிருக்கிறதா, சூடேற்றித் தோய்த்துப் பதப்படுத்தியதா என்று பாருங்கள். அலகு அடியில் எவ்வளவு தடிமன், முனைக்குப் பக்கத்தில் எவ்வளவு என்றும் கேளுங்கள். அசல்களில் பெரும்பாலும் முனை நோக்கித் தடிமன் குறைந்துகொண்டே போகும். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த மலிவு வகை ஒரே தடிமனாக இருப்பதால் முன்பக்கம் கனத்துக் கையை இழுக்கும்.

படி 4: பிடிக்குள் என்ன இருக்கிறது?

அலகிலிருந்து பிடிக்குள் போகும் பகுதியை டாங் என்பார்கள். ஒல்லியான கம்பியை அலகோடு வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால் அது வேண்டவே வேண்டாம், வேகமாக இழுத்தாலே முறியக்கூடும். அதற்காக 'ஃபுல் டாங்' (பிடியின் முழு அகலத்துக்கும் டாங் இருப்பது) என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மயங்கவும் வேண்டாம். பல இடைக்காலக் குத்துவாள்களில் டாங் குறுகியதுதான். ஆனால் அலகோடு ஒரே துண்டாகப் பிடியை ஊடுருவிப் போய், மறுமுனையில் சுத்தியலால் தட்டி விரித்து இறுக்கப்பட்டிருக்கும். நல்ல பிரதிகளும் இதையே செய்கின்றன. நுனியில் திருகும் நட்டு தெரிந்தால் அது இன்றைய குறுக்குவழி.

படி 5: சட்டம்

இருபக்கக் கூர், அலகின் நீளம், பெறுபவரின் வயது, இறக்குமதி ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு விதிகள் உண்டு. உங்கள் ஊர், அவர் ஊர் இரண்டையும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவே முடியாது.

படி 6: கையில் கொடுக்கும்போது

உறையும் அதே காலத்துப் பாணியில் இருக்கட்டும். ஆனால் தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கார்பன் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் நீண்ட நாள் வைக்கும்போது அலகை வெளியே எடுத்து மினரல் ஆயில் தடவி வைக்கச் சொல்லுங்கள். பரிசுப் பெட்டியில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி, மெத்தென்ற துணி, நீங்கள் தேர்ந்தெடுத்த அருங்காட்சியக அசலின் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். வரலாற்றுப் பித்துள்ளவர் முதலில் அந்தப் படத்தைத்தான் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.