மாட்டுக்குப் போட்ட வேலி குதிரைக்கு ஆகாது

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்களில் சிலர் இப்போது மாட்டோடு ஒரு குதிரையும் வாங்கிவிடுகிறார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போவது, மார்வாரியோ கத்தியவாரியோ ஒரு சாதிக் குதிரையைப் பிடித்துவருவது, மாடு மேய்ந்த காட்டிலேயே அவிழ்த்துவிடுவது. நானும் அப்படி ஒரு காட்டில்தான் குதிரை வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: மாடு மிரண்டால் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும், குதிரை ஓடி முடித்துவிட்டு அப்புறம்தான் பார்க்கும். அதனால் காட்டைச் சுற்றி வரும்போது ‘இதைத் தாண்டுமா’ என்று மட்டும் பார்க்காதீர்கள். கண்மண் தெரியாமல் ஓடிவந்தால் எதில் போய் விழும் என்று பாருங்கள்.

முதல் எதிரி முள்கம்பி. கல்லுக்கால் நட்டு நாலு வரி இழுத்துவிட்டால் மாட்டுக்குப் போதும். குதிரைக்கோ ஓடுகிற வேகத்தில் அந்தக் கம்பி கண்ணில் படுவதே இல்லை. கால் சிக்கினால் நின்று நிதானிக்காது, இழுக்கும், மறுபடி இழுக்கும். முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதை கிடையாது, தோலுக்கு அடியில் நேராகத் தசைநாணும் எலும்பும்தான். அங்கே ஆழமாக அறுபட்டால் ஆயுசுக்கும் நொண்டி. முள்கம்பியைக் கழற்ற முடியாவிட்டால் வெளிவேலியாக இருந்துவிட்டுப் போகட்டும். உள்பக்கம் ஆறடி தள்ளி இன்னொரு வேலி போடுங்கள். மரக்கால் நட்டு மூங்கிலோ ஜிஐ பைப்போ இரண்டு மூன்று வரி கட்டினால் போதும். மேல் வரி நாலரை அடிக்குக் குறையக் கூடாது; காயடிக்காத ஆண் குதிரை என்றால், அதுவும் பக்கத்துக் காட்டில் பெட்டைக் குதிரை நின்றால், ஆறடிக்குப் போக வேண்டும்.

சோலார் மின்வேலி போடலாம், தப்பில்லை. மெல்லிய கம்பிக்குப் பதில், கண்ணில் படுகிற மாதிரி, மின்வேலிக்கான அகலமான வெள்ளைப் பட்டை இழுங்கள். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம், ஆளும் சாவான். அந்த யோசனை சொல்கிறவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

கிளுவை முள்செடியை நட்டு வளர்க்கிற நம் ஊர் உயிர்வேலிக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. குதிரை அதைச் சுவராகப் பார்த்து ஒதுங்கிப்போகும். உரசினால் கீறும், ஆனால் காலைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. இரண்டு குறைகள் உண்டு. கோடையில் இலை கொட்டி, அந்தப்பக்கம் பளிச்சென்று தெரியும். அடியில் ஆடு நுழைந்து நுழைந்து சந்து விழும். சந்தை அடைக்கச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போடுவது நம் வழக்கம். குதிரைக்காட்டில் அது வேண்டாம். குளம்புக்குள் முள் ஏறிச் சீழ் பிடித்தால் காலை ஊன்றாது. மூங்கிலை வைத்து அடைத்து, அதே இடத்தில் புதுக் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நடுங்கள். இரண்டு குதிரைக்கு மேல் விட்டால், குறுகலான மூலைகளில் கழி குறுக்கே கட்டி வளைவாக்கிவிடுங்கள். அடங்கிப்போகிற குதிரை மூலையில் மாட்டித்தான் உதை வாங்கும்.

கேட்டு விஷயத்தில் குதிரை மனிதனுக்கு ஒரு படி மேல். உதட்டாலேயே கொண்டியைத் தூக்கிவிடும். கொண்டிக்கு மேல் ஒரு சங்கிலியும் கொக்கியும் போடுங்கள். கீல் பக்கம் மேல் முளையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னால் வெல்டிங்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், இல்லாவிட்டால் கழுத்தைக் கொடுத்துக் கேட்டையே கழற்றிவிடும். திருடனும் கேட்டைக் கீலோடு தூக்க முடியாது. உள்ளே கொண்டுபோய் விடும்போது குதிரையின் முகத்தைக் கேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தி, அப்புறம் கயிற்றை அவிழுங்கள். விட்ட சந்தோஷத்தில் பின்னங்காலை வீசினால் நம் மேல் படாது.

அவிழ்த்துவிடும்போது நைலான் முகக்கயிறு வேண்டாம். கிளையில் மாட்டினால் அறுபடாது. போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு இடத்தில் மெல்லிய தோல் வாரை இணைத்துவிடுங்கள், இழுத்தால் அது அறுந்துபோகும். முன்னங்கால் இரண்டுக்கும் தளை போட்டு விட்டுப்போவதும் எனக்குச் சம்மதமில்லை. தெருநாய்கள் கூட்டமாக வந்தால் அது எங்கே ஓடும்?

காட்டுக்குள் இருப்பதையும் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத ஆழ்துளைக் குழி, கரண்டு கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. ஸ்டே கம்பியைத் தனியாக வேலி கட்டி ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் அதில் மின்சாரம் பாய்ந்து மாடு செத்த செய்தி வராத வருஷமில்லை. அரளி வேலியோரத்தில் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். காய்ந்த அரளி இலையும் விஷம்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது தின்றதுதான். ஆமணக்கு விதையும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செடி வெட்டிய குப்பையை வேலி தாண்டி வீசாமலிருக்கச் சொல்லிவையுங்கள்.

தீபாவளி ராத்திரியும், கோயிலில் அதிர்வேட்டுப் போடுகிற நாளும் குதிரை காட்டில் நிற்கக் கூடாது. லாயத்தில் கட்டி, வைக்கோலோ புல்லோ நிறையப் போட்டு, தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் ஒருநாள் குதிரை கம்பியில் சிக்கும். கட்டிங் பிளேயர் ஒன்றைக் காட்டுக் கொட்டகையிலேயே ஆணியில் மாட்டிவையுங்கள். துண்டால் கண்ணை மூடுங்கள், பாதி அடங்கும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, காலை இழுக்காமல் கம்பியை வெட்டுங்கள். காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கு மாட்டைவிடக் குதிரை சீக்கிரம் பலியாகும்.

திருட்டுக்கு: கழுத்தின் இடப்பக்கம் மைக்ரோசிப் போட்டு, அதன் 15 இலக்க எண்ணைக் குறித்துவையுங்கள். அதைவிடச் சுலபம் போட்டோ. சுழி பார்த்துத்தானே வாங்கினோம். நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகளைக் கிட்டத்தில் எடுங்கள். ரோமத்துக்குச் சாயம் பூசி விற்பார்கள், சுழியை மாற்ற முடியாது. இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில், ஆடு ஓட்டிப்போகிறவர்களிடம் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். கேட்டு திறந்து கிடப்பதை நமக்கு முன்னால் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.