வீட்டுப் பார்ட்டி விற்பனையை முழுநேர வருமானமாக்குவது எப்படி?

பினாங்கில் ஞாயிறு மாலை ஏதாவது ஒரு தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) காடியை விட்டால், வாசலில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்பு கிடக்கும் வீடு ஒன்று கண்ணில் படும். பிறந்தநாளாக இருக்கலாம், கோயில் உபயத்துக்கான கூட்டமாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், உள்ளே ஓர் அக்கா டப்பாவோ சட்டியோ முகத்துக்குப் பூசும் கிரீமோ விற்றுக்கொண்டிருப்பார். மாதம் இரண்டு மூன்று பார்ட்டி வைத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிப்பவர்கள் நிறையப் பேர். இதையே முழுநேரப் பிழைப்பாக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த விளக்கம். முடியும். ஆனால் ஒரே பார்ட்டியில் எவ்வளவு விற்றோம் என்பதைவிட, அங்கிருந்து கிளம்பும்போது அடுத்த பார்ட்டிக்கு எத்தனை பேரிடம் நாள் குறித்து வாங்கினோம் என்பதுதான் பிழைப்பைத் தீர்மானிக்கும். கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

படி 1: நிறுவனத்தையும் பொருளையும் பாருங்கள்

மலேசியாவில் நேரடி விற்பனை நடத்தும் நிறுவனத்துக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் ஏஜேஎல் உரிமம் வேண்டும். நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத் தடுப்புக்கும் 1993இல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சிடம் சரிபாருங்கள். "அதெல்லாம் அப்லைன் (நம்மைச் சேர்த்துவிட்ட மேலாள்) பார்த்துக்குவாங்க" என்று பதில் வந்தால், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். பொருள் விற்காவிட்டாலும் ஆள் சேர்த்தால் காசு என்று ஆசை காட்டும் இடத்திலும் அப்படித்தான்.

பொருளைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும். இதைச் செய்து காட்ட வேண்டுமா? தீர்ந்தால் மறுபடி வாங்குவார்களா?

முதல் கேள்விக்கு டப்பர்வேரின் கதையே பதில். 1946இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்த டப்பா கடைகளில் சரியாகப் போகவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பதை யாராவது காட்டினால்தான் புரிந்தது. பிரௌனி வைஸ் போன்ற பெண்கள் வீட்டு ஹாலில் அதைக் காட்டி விற்றார்கள். 1951இல் நிறுவனம் கடை விற்பனையையே விட்டுவிட்டு வீட்டுப் பார்ட்டிக்கு மாறியது. பார்த்ததும் புரியும் பொருளைச் செய்து காட்ட நீங்கள் தேவையில்லை. அதை ஷாப்பீயில் வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்விக்கான காரணம் அடுத்த படியில் வரும்.

படி 2: ஒரு பார்ட்டியில் கையில் நிற்பது எவ்வளவு?

கமிஷன் 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் வந்தார்கள், 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆர்டர். கமிஷன் 225 வெள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது கழியுங்கள்: வீடு கொடுத்த அக்காவுக்குப் பரிசு 40, டெமோவுக்குக் காய்கறியும் பசியாற எதாவதும் 25, பெட்ரோல், டோல் 20, பொருள் வந்தபின் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க 20. மிச்சம் 120 வெள்ளி. தயாரிப்புக்கு இரண்டு மணி நேரம், பார்ட்டிக்கு மூன்று, டெலிவரிக்கு மூன்று. ஆக எட்டு மணி நேரம். மணிக்கு 15 வெள்ளி.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில் அது மோசமில்லை. ஆனால் மாதம் 3,000 வெள்ளி வேண்டுமென்றால் 25 பார்ட்டி வைக்க வேண்டும். யாராலும் ஆகாது. இரண்டாவது மாதத்திலேயே தொண்டை போய்விடும்.

அதனால் கணக்கை வேறு மாதிரி அமைக்க வேண்டும். மாதம் 12 பார்ட்டி. டெலிவரியை வீட்டுக்கார அக்காவிடமே ஒப்படைத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் 140 நிற்கும்; மொத்தம் 1,680. இதோடு, பார்ட்டியே இல்லாமல் வாட்ஸ்அப்பில் மாதாமாதம் திரும்ப வாங்கும் அறுபது பேர், ஆளுக்கு 80 வெள்ளி: 4,800 வெள்ளி விற்பனை, 1,200 கமிஷன். இரண்டும் சேர்ந்து 2,880. மறு ஆர்டரைக் கொண்டுசேர்க்கும் செலவு போக இன்னும் கொஞ்சம் குறையும். ஆனாலும் இது ஆகக்கூடிய கணக்கு. சோப்பு, கிரீம், மசாலா போலத் தீர்ந்துபோகும் பொருள் உங்கள் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான். ஆயுசுக்கும் உடையாத டப்பாவை யாரும் மாதாமாதம் வாங்க மாட்டார்கள்.

படி 3: வீடு கொடுப்பவரைத் தயார் செய்யுங்கள்

பார்ட்டியின் பாதி வெற்றி அவர் கையில். நன்றாகச் சமைப்பவரைவிட நாலு பேருக்குப் பழக்கமானவரைத் தேடுங்கள்: தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்தில் இருப்பவர், கோயில் பஜனைக் குழுவில் இருப்பவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருப்பவர். பத்துப் பேர் வர வேண்டுமென்றால் இருபது பேரை அழைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு இருப்பது அழைப்பாகாது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்ய வேண்டும். முதல் நாள் மாலை இன்னொரு முறை.

நாளைச் சம்பளம் போட்ட வாரத்தில் வையுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த், பிறை பக்கம் ஆட்கள் கிடைத்தால், ஒரே நாளில் பகல் ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு பார்ட்டிகளைச் சேர்த்து வையுங்கள். தீவில் இருப்பவர்கள் திரும்பி வரும்போது பாலத்துக்கு டோல் கட்ட வேண்டுமே, ஒருமுறை கட்டினால் போதும்.

படி 4: பார்ட்டி அன்று

பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நிறுவனத்தின் வரலாறு, தலைவரின் கார், அதெல்லாம் வேண்டாம். நேராகக் கைவேலைக்கு வாருங்கள்.

கயிறு இழுத்து நறுக்கும் டப்பாவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் இழுத்துக் காட்டாதீர்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாவிடம் கொடுத்து, "நீங்க இழுங்கம்மா" என்று சொல்லுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய். நாலே இழுப்பு. திறந்தால் துவையலுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும், கண்ணில் தண்ணீரும் வந்திருக்காது. "இவ்ளோதானா?" என்று அவர் கேட்பார் பாருங்கள், அது உங்கள் அரை மணி நேரப் பேச்சுக்குச் சமம். டப்பா அடுத்த கைக்குத் தானாகவே போகும். அந்த நேரத்தில் விலையைச் சொல்லிக் குறுக்கே விழாதீர்கள்.

படி 5: நாள் வாங்குதல்

ஆர்டர் எழுதும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். "உங்க வீட்டுல ஒரு பார்ட்டி வைக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "பார்க்கலாம்மா" என்பார்கள். நம் ஊரில் அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும். டைரியைத் திறந்து வைத்துக் கேளுங்கள்:

"அக்கா, இந்தச் சட்டி உங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டுல வெச்சா பரிசா வர்ற காசை இதுல கழிச்சுக்கலாம். 15ஆம் தேதி ஞாயிறு வசதியா, 22ஆம் தேதியா?"

ஒரு பார்ட்டியில் இரண்டு நாள் கிடைத்தால் டைரி வளரும். ஒன்று கிடைத்தால் ஓடும். ஒன்றுமே கிடைக்காமல் நாலு பார்ட்டி போனால், 900 அல்ல, 2,000 வெள்ளிக்கு விற்றிருந்தாலும் அடுத்த மாதம் வீட்டில்தான் இருப்பீர்கள்.

படி 6: காசு விஷயம்

போனில் காசு வாங்க டூயிட்நவ் கியூஆர் ஒட்டிய அட்டை ஒன்று பையில் இருக்கட்டும். காசு வந்தபின்தான் ஆர்டர் போட வேண்டும். அக்கா, தங்கச்சி என்று கடன் கொடுத்தால் காசும் போகும், உறவும் போகும். விலை உயர்ந்த சட்டிக்குக் "கூட்டு பிடிச்சு எடுத்துக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். கூட்டு, அதாவது மாதச் சீட்டு, நடத்துவதைத் தொழிலாகச் செய்ய 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். பதவி உயர்வுக்காகச் சொந்தக் காசில் ஸ்டாக் வாங்கி அலமாரியில் அடுக்குவதும் வேண்டாம்.

படி 7: பதிவும் வரியும்

எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதியும் ஆணையம்) பதிவு வருடத்துக்குச் சொந்தப் பெயரில் 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. இணையத்திலேயே செய்யலாம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். வருமான வரிக்கு இனி சம்பளக்காரர்களின் பிஇ பாரம் இல்லை, தொழில் செய்பவர்களின் பி பாரம். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். டோல், டெமோ செலவு எல்லாம் அங்கேதான் உதவும். முதலாளி போடும் இபிஎஃப் (சேமநிதி) நின்றுவிடும் என்பதால், சுயதொழில் செய்பவர்களுக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் சேர்ந்து நீங்களே போடுங்கள். சொக்சோவிலும் (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சுயதொழில் செய்பவர்களுக்குத் திட்டம் இருக்கிறது.

படி 8: வேலையை எப்போது விடலாம்?

தீபாவளிக்கு முந்தைய மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாதம் எதை எடுத்துக்கொண்டு போனாலும் விற்கும். தீபாவளி முடிந்த மாதத்தையும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தையும் பாருங்கள். இரண்டிலும் கையில் நின்ற காசு வீட்டுச் செலவைத் தாண்டியிருந்து, டைரியில் அடுத்த ஆறு வாரத்துக்கு நாள் எழுதியிருந்தால் கடிதம் கொடுக்கலாம். வேலை ஒப்பந்தம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு 4 வார நோட்டீஸ், ஐந்து வருடத்துக்குள் என்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். மிச்சமிருக்கும் லீவை எடுத்து, அந்த வாரங்களிலேயே வார நாள் பார்ட்டிகளை ஆரம்பித்துவிடுங்கள்: காலை பத்து மணி, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம், வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில், சமையல், விருந்தாளி என்று நேரமே இருக்காது. செவ்வாய்க்கிழமை என்றால் உட்கார்ந்து இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்து நிதானமாகப் பட்டியலைப் பார்ப்பார்கள்.